ரசீதுகள் எந்த அட்டவணையில்?

"டெல்லியைப் பார், சென்னை எவ்வளவோ தேவலை, தாம்பரத்தில் பயம் எதற்கு?" என்கிறார் நண்பர். கையில் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அட்டவணை.

அது எண்ணுவது பதிவான வழக்குகளை. டெல்லியில் வண்டி திருடுபோனால் இணையத்திலேயே எஃப்.ஐ.ஆர். போடலாம், எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். இங்கோ, ஒருநாள் இரவு பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தபோது என் போனைப் பறித்துக்கொண்டு பைக்கில் பறந்தார்கள். "தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் கொடுங்க சார்" என்றார் காவல் நிலையத்தில் இருந்தவர். ஒன்றரை மணி நேரம் மல்லுக்கு நின்று வாங்கியது ஒரு சி.எஸ்.ஆர். ரசீது; வழக்குப் பதியாமல் புகாரை வாங்கிக்கொண்டதற்கான சீட்டு. அது இன்னும் என் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது, அட்டவணைக்குப் போகவில்லை.

நகரங்களின் குற்ற விகிதம் காண வகுக்கும் மக்கள்தொகையோ, 2022 அறிக்கையிலும் 2011 கணக்குதான். எல்லா நகரமும் ஒரே வேகத்திலா வளர்ந்தது? ஊரப்பாக்கத்தையும் வண்டலூரையும் வந்து பாருங்கள். போதாததற்கு, 2022 ஜனவரி 1 முதல் தாம்பரம் தனி காவல் ஆணையரகம். நண்பர் சொல்லும் 'சென்னை'க்குள் நாங்கள் இருக்கிறோமா?

கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் நள்ளிரவில் இறங்கும் பெண்ணுக்கு டெல்லி எதற்கு? தன் தெருவில் விளக்கு எரிகிறதா என்பதே அவள் கவலை. காவல் நிலையம் வாரியாக எத்தனை சி.எஸ்.ஆர்., அவற்றில் எத்தனை எஃப்.ஐ.ஆர். ஆயின என்ற கணக்கோடு நண்பர் வரட்டும், பேசலாம்.