டிரில்லியன் டாலரும் தீப்பெட்டி விலையும்

தமிழ்நாட்டின் பொருளாதாரத்தை 2030-க்குள் ஒரு டிரில்லியன் டாலராக உயர்த்தும் இலக்கை மாநில அரசு 2021-இல் அறிவித்தது. ஒரு டிரில்லியன் என்பது ஒரு லட்சம் கோடி. எனவே, ஒரு டாலர் எத்தனை ரூபாயோ, அத்தனை லட்சம் கோடி ரூபாய்தான் நமது இலக்கு. அறிவிப்பு வந்த காலத்தில் டாலரின் விலை ஏறத்தாழ 75 ரூபாய். 2025 டிசம்பரில் அது 90 ரூபாயைத் தாண்டியது. இலக்கின் பெயர் மாறவில்லை. அதன் ரூபாய் மதிப்பு மட்டும் 15 லட்சம் கோடி கூடிவிட்டது. முழக்கோலே நீண்டும் சுருங்கியும் போகுமானால், அதைக் கொண்டு அளந்த துணியைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

இந்தக் கேள்விக்கான விடையை விருதுநகர் மாவட்டத்தின் ஆனைக்குட்டம், சிவகாசிப் பகுதிகளிலேயே தேடலாம் என்று நினைக்கிறேன். தீப்பெட்டியின் சில்லறை விலை 2007-இல் 50 காசிலிருந்து ஒரு ரூபாயானது. அடுத்த 14 ஆண்டுகள் அதே விலை நீடித்து, 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாயானது. 2007-இன் இறுதியில் டாலர் ஏறத்தாழ 40 ரூபாய். டாலர் கணக்கில் அன்றைய தீப்பெட்டியின் விலை 2.5 சென்ட். 2021-இல், விலை உயர்வுக்கு முன்பு, அதே ஒரு ரூபாய்ப் பெட்டி 1.3 சென்டாகக் குறைந்திருந்தது. இரண்டு ரூபாயானதும் 2.7 சென்ட். ரூபாயில் வாங்குபவருக்கு விலை இரட்டிப்பானது. டாலரில் பார்ப்பவருக்கோ 14 ஆண்டுகளில் விலை அநேகமாக மாறவே இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. விலை உயர்ந்தபோது, பெட்டிக்கு 36 குச்சிகளுக்குப் பதில் 50 குச்சிகள் இருக்கும் என்று உற்பத்தியாளர்கள் அறிவித்தனர். அப்படியானால் ஒரு குச்சியின் விலை உயர்வு 44 விழுக்காடுதான். ஒரு தீப்பெட்டியின் கணக்கே இப்படியென்றால், ஒரு நாட்டின் மொத்த உற்பத்தியை ஆண்டுகள் கடந்தும் எல்லைகள் கடந்தும் ஒப்பிடுவது எவ்வளவு கடினம் என்பதை ஊகிக்கலாம்.

சந்தையின் நாணய மாற்று விகிதம் ஒப்பீட்டை எப்படித் திரிக்கும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது, 4.76 ரூபாயாக இருந்த டாலர் 7.50 ரூபாயானது. டாலர் கணக்கில் இந்தியப் பொருளாதாரம் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியது. ஆனால், அந்த அறிவிப்பால் மறுநாள் நம் ஆலைகளில் ஒரு தீக்குச்சிகூடக் குறைந்திருக்காது. அண்மைய சான்று ஜப்பான். 2023-இல் அந்நாட்டின் பொருளாதாரம் வளர்ந்தது. ஜெர்மனியின் பொருளாதாரம் சற்றே சுருங்கியது. எனினும் யென்னின் வீழ்ச்சியால், டாலர் பட்டியலில் ஜெர்மனி ஜப்பானை முந்தி மூன்றாம் இடத்தைப் பிடித்தது.

இக்குறையைப் போக்கவே வாங்கும் திறன் சமநிலை என்ற கணக்கை அறிஞர்கள் வகுத்தனர். ஒரே தரமுள்ள பொருள்களையும் சேவைகளையும் வாங்க ஒவ்வொரு நாட்டிலும் எவ்வளவு செலவாகிறது என்று பார்த்து, அதிலிருந்து ஒரு மாற்று விகிதத்தைப் பெறுகிறார்கள். 1968-இல் ஐக்கிய நாடுகள் அவையும் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் தொடங்கிய இந்தப் பணியை இன்று உலக வங்கி ஒருங்கிணைக்கிறது. 2017-ஆம் ஆண்டுக்கான கணக்கில் டாலருக்குச் சந்தை விகிதம் 65.12 ரூபாய், வாங்கும் திறன் விகிதம் 20.65 ரூபாய். அதாவது, அமெரிக்காவில் ஒரு டாலர் செய்யும் வேலையை இங்கே ஏறத்தாழ 21 ரூபாய் செய்தது. இந்தக் கணக்கின்படி இந்தியா உலகின் மூன்றாவது பெரிய பொருளாதாரம்.

வறுமைக் கணக்கும் இதையே சார்ந்திருக்கிறது. 2025 ஜூனில் உலக வங்கி கடும் வறுமைக் கோட்டை நாளொன்றுக்கு மூன்று டாலராக உயர்த்தியது. பலர் நினைப்பதுபோல் அது சந்தை விகிதத்தில் வரும் 250 ரூபாய்க்கு மேற்பட்ட தொகை அன்று. 2021-ஆம் ஆண்டு விலையில் 60 ரூபாயை ஒட்டிய தொகை. இந்தக் கோட்டின்படிதான் 2022-23-இல் இந்தியாவில் கடும் வறுமை 5.3 விழுக்காடு என்று உலக வங்கி மதிப்பிட்டது. எந்த விகிதத்தில் கணக்கிட்டார்கள் என்பதை அறியாமல் இந்த எண்ணைக் கொண்டாடுவதும் தவறு, ஏளனம் செய்வதும் தவறு.

வாங்கும் திறன் கணக்கும் குறையற்றதன்று. 2007 இறுதியில் புதிய விலைத் தரவுகள் வெளியானபோது, சீனப் பொருளாதாரத்தின் மதிப்பீடு ஏறத்தாழ 40 விழுக்காடு குறைக்கப்பட்டது. மேலும், சிவகாசி அச்சகம் ஒன்று ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வாங்கினால், 21 ரூபாய்க்கு ஒரு டாலர் என்று எவரும் தரமாட்டார்கள். கச்சா எண்ணெய்க்கும் வெளிநாட்டுக் கடனுக்கும் சந்தை விகிதத்தில்தான் பணம் கட்ட வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்றையும் நாம் மறந்துவிடுகிறோம். பட்டாசு ஆலைத் தொழிலாளி ஒருவரின் நாள்கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சந்தை விகிதத்தில் அது ஏழு டாலருக்கும் குறைவு. வாங்கும் திறன் கணக்கில் ஏறத்தாழ 30 டாலர். இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது? முடிதிருத்தமும் தேநீரும் வீட்டு வாடகையும் இங்கே மலிவு. கூலி குறைந்த நாடுகளில் சேவைகளின் விலை குறைவாக இருப்பதை 1964-இல் பேலா பலாசாவும் பால் சாமுவேல்சனும் தனித்தனியே விளக்கினர். நம் மலிவின் பெரும்பகுதி மற்றொரு தொழிலாளியின் குறைந்த கூலிதான். அந்த மலிவைக் காட்டி நம்மைப் பணக்கார நாடுகளின் வரிசையில் நிறுத்திக்கொள்ளும்போது, இதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஆகவே, ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அளவுகோல் வேண்டும். நேற்றைவிட இன்று எவ்வளவு வளர்ந்தோம் என்பதற்கு விலைவாசி நீக்கிய ரூபாய்க் கணக்கு. பிற நாட்டு மக்களோடு வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட வாங்கும் திறன் விகிதம். உலகச் சந்தையில் நம் பணத்தின் வலிமையை அறியச் சந்தை விகிதம். இன்றோ, ஆளுங்கட்சியினர் பெரிதாகத் தெரியும் எண்ணையும் எதிர்க்கட்சியினர் சிறிதாகத் தெரியும் எண்ணையும் எடுத்துக்கொள்கிறார்கள்.

டிரில்லியன் டாலர் என்ற முழக்கம் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால், அதனுடன் நிலையான விலையில் தனிநபர் வருமானம் எவ்வளவு உயர வேண்டும், தொழிலாளரின் உண்மைக் கூலி எவ்வளவு உயர வேண்டும் என்ற இரண்டு இலக்குகளையும் மாநில அரசு நிதிநிலை அறிக்கையில் ரூபாயில் எழுதிவைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. டாலரின் ஏற்ற இறக்கத்துக்கு எந்த மாநில அரசையும் பொறுப்பாக்க முடியாது. ரூபாயில் எழுதப்பட்ட இலக்குக்கு அதனைப் பொறுப்பாக்க முடியும்.