அடிவாரத்திலும் ஒரு வீடு

வங்கிப் பணியில் ஆயுளைக் கழித்தவனுக்குக் காகிதத்தில் கட்டம் போடும் பழக்கம் ஓய்வுக்குப் பிறகும் விடுவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நவக்கிரகத் தலங்களுக்குக் குடும்பத்தோடு புறப்பட்டபோது, மூன்று நாட்கள், ஒன்பது கோயில்கள் என்று மணிக்கணக்கோடு அட்டவணை தயாரித்தேன். ஒன்பதும் குறித்த நேரத்தில் முடிந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்பத்தூர் திரும்பிய மறுநாள் காலையில் என் துணைவியாரால் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. இரண்டாம் நாளே முழங்கால் வீங்கிவிட்டதாம். "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "சொல்லியிருந்தால் எல்லோருடைய பயணமும் கெட்டிருக்குமே" என்றார். அவர் மீண்டும் வாசல்படி இறங்க ஆறு வாரங்கள் ஆயின.

இந்த ஆண்டு பெங்களூரிலிருந்து மகள் பேசினாள். "அப்பா, இந்த விடுமுறையில் பிள்ளைகள் கைப்பேசியை விட்டுவிட்டு ஓடியாட வேண்டும். பெரியவன் மலை ஏற வேண்டும் என்கிறான். சின்னவள் கடலில் குளிக்க வேண்டும் என்கிறாள். எனக்கு மதுரையில் மீனாட்சியைப் பார்த்தால் போதும். நீங்களே திட்டம் போடுங்கள்" என்றாள். அருகிலிருந்த துணைவியார் சிரித்துக்கொண்டே, "நீங்கள் எல்லோரும் போய் வாருங்கள். நான் திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரரைக் கும்பிட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

இந்த வாக்கியத்தைக் கேட்காத வீடு நம்மிடையே இருக்காது. சொல்கிறவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால், பேரப்பிள்ளைகளோடு கழிக்க வேண்டிய ஒரு வாரத்தைத் தம் கணக்கிலிருந்து தாமே கழித்துக்கொள்கிறார் என்பதை நாம் கவனிப்பதில்லை. நமக்கு இன்னும் எத்தனை விடுமுறைகள் என்பது அவன் ஒருவனுக்கே தெரியும். எனவே இம்முறை கட்டம் போடும் முன் ஒரு முடிவு செய்தேன். வீட்டில் மெதுவாக நடப்பவர் எவரோ, அவருடைய கால்தான் பயணத்தின் அளவுகோல்.

மலை, நகரம், கடல் என்று கேட்டவர்களுக்கு முருகப்பெருமானே வழி வைத்திருக்கிறான். பழனி மலை, மதுரை மாநகரும் அதன் அருகே திருப்பரங்குன்றமும், பிறகு திருச்செந்தூர்க் கடற்கரை. மூன்றும் ஒரே இரயில் பாதையில் அமைந்திருப்பது நமக்குப் பெரிய வசதி. சென்னை சென்ட்ரலிலிருந்து பழனி வழியாகப் பாலக்காடு செல்லும் இரவு வண்டி இருக்கிறது. பாலக்காட்டிலிருந்து புறப்பட்டுக் காலையில் பழனியைத் தொட்டு, மதுரை வழியாகத் திருச்செந்தூர் சேரும் பகல் வண்டியும் இருக்கிறது. திரும்புவதற்குச் செந்தூர் விரைவு வண்டி. கால்கள் தளராத முதல் நாட்களில் மலை, நடுவில் நகரம், ஓய்வாக முடிக்கக் கடல் என வரிசையும் தானே அமைந்துவிட்டது. ஆறு நாட்களுக்கு மூன்றே ஊர்கள்.

காலத்தையும் யோசித்தேன். பங்குனி உத்திரத்தில் பழனியிலும், சித்திரைத் திருவிழாவில் மதுரையிலும் இலட்சக்கணக்கில் மக்கள் கூடுவார்கள். அந்தக் காட்சி கண்கொள்ளாததுதான். ஆயினும் முழங்கால் வலி உள்ளவருக்கும் சிறு குழந்தைக்கும் அந்த நெரிசல் ஆகாது. இரண்டுக்கும் இடைப்பட்ட இளவேனில் வாரத்தைத் தேர்ந்தெடுத்தேன். அக்கினி நட்சத்திரமும் அப்போது தொடங்கியிராது. 2024 நவம்பர் முதல் இரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. அந்த நாளைப் பஞ்சாங்கத்தில் குறித்து வைத்துக்கொண்டு, வயதைச் சரியாகப் பதிந்து, கீழ்ப்படுக்கை கேட்டு வாங்கினேன்.

அட்டவணையில் இம்முறை புதிதாக ஒன்றைச் சேர்த்தேன். ஒவ்வொரு நாளும் பாதி நாளை வெறுமையாக விட்டேன். வங்கி தன்னிடம் வரும் பணம் முழுவதையும் கடனாகக் கொடுத்துவிடாது. ஒரு பகுதியை இருப்பாக வைத்திருக்கும். அந்த இருப்பே ஆபத்தில் காக்கும். பயணத்துக்கும் அப்படி ஓர் இருப்பு வேண்டும் என்பது, முன்பு ஒன்பது கோயில்களையும் ஓடி முடித்தபோது எனக்குத் தோன்றவில்லை.

பழனியில் இறங்கிய அன்று மாலையே மலைக்குப் போக வேண்டும் என்று பேரன் துடித்தான். இரவு முழுவதும் இரயிலில் வந்த களைப்பு துணைவியாரின் முகத்தில் தெரிந்தது. "உண்மையைச் சொல். கால் எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டு, "இன்று வேண்டாமே" என்றார். அந்த இரண்டு சொற்களைக் கேட்கவே நான் இரண்டு நாட்களைப் பழனிக்கு ஒதுக்கியிருந்தேன்.

அன்று மாலை அடிவாரத்தில் உள்ள திருவாவினன்குடிக் கோயிலுக்குப் போனோம். அங்கே குழந்தைகளுக்கு ஒரு செய்தி சொன்னேன். நக்கீரர் பாடிய திருமுருகாற்றுப்படை, அருள் பெற்ற ஒருவர், பெற வேண்டிய மற்றொருவருக்கு வழிகாட்டும் நூல். அது படைவீடுகளைத் திருப்பரங்குன்றத்தில் தொடங்கி, திருச்சீரலைவாய் எனும் திருச்செந்தூரைச் சொல்லி, மூன்றாவதாகச் சொல்வது இந்தத் திருவாவினன்குடியைத்தான். முதலில் இங்கே வணங்கிவிட்டு மலையேறுவது மரபு. இதைக் கேட்ட துணைவியார், "அப்படியானால் ஏற முடியாதவர்களுக்கென்று அவன் கீழேயும் ஒரு வீடு வைத்திருக்கிறான்" என்றார். கோயில் திண்ணையில் நெடுநேரம் நிம்மதியாக அமர்ந்திருந்தார்.

மறுநாள் விடியற்காலையில் பேரன் தன் தந்தையோடு 693 படிகளையும் எண்ணிக்கொண்டே ஏறினான். நானும் மகளும் சரிவான யானைப்பாதையில் நின்று நின்று நடந்தோம். துணைவியாரும் பேத்தியும் இழுவை இரயிலில் வந்தார்கள். 1966 முதல் எத்தனையோ முதியவர்களைச் சுமந்த வண்டி அது. 2004 முதல் கம்பிவட ஊர்தியும் இருக்கிறது. ஆண்டுப் பராமரிப்புக்காகவும் பலத்த காற்றின்போதும் அதை நிறுத்துவார்கள். ஆகையால் அதை மட்டும் நம்பித் திட்டமிட வேண்டாம். மூன்று வழியாக ஏறியவர்களும் போகர் அமைத்த நவபாஷாணத் திருமேனியின் முன் ஒன்றாக நின்றோம். யார் எந்த வழியில் வந்தார்கள் என்று தண்டாயுதபாணி கேட்கவில்லை.

இளையவர்களுக்கு இன்னும் உயரம் வேண்டுமென்றால், பழனியிலிருந்து சுமார் 64 கிலோமீட்டரில் கொடைக்கானல் இருக்கிறது. 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். அதை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். வானம் தெளிந்திருந்தால் அங்குள்ள குறிஞ்சி ஆண்டவர் கோயிலிலிருந்து பழனி மலையைக் காணலாம்.

மதுரையில் நண்பகலில் நடை சாத்திவிடுவதால், அந்த நேரம் ஓய்வுக்கென்றே வாய்த்தது. மாலையில் ஆடி வீதியில் பேரன் 14 கோபுரங்களையும் எண்ணித் தேடினான். அவனுக்கு அது விளையாட்டு. எங்களுக்கு அதுவே பிரதட்சிணம். மறுநாள் காலை திருப்பரங்குன்றம். மலையைக் குடைந்து அமைந்த கருவறை என்பதால் அங்கே அபிஷேகம் மூலவருக்கன்றி வேலுக்கே நடைபெறுகிறது என்பதைச் சொன்னபோது பிள்ளைகள் வியந்தார்கள்.

திருச்செந்தூரில் பேத்தி தன் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு கடலில் இறங்கினாள். முழங்கால் அளவு நீர்தான். படி ஏற முடியாத அந்தக் கால்களை அலை வந்து வந்து தழுவிச் சென்றது. பிறகு நாழிக்கிணற்றில் நீராடியபோது, "பாட்டி, கடலுக்குப் பக்கத்தில் இந்தத் தண்ணீர் மட்டும் எப்படி உப்பாக இல்லை?" என்று கேட்டாள். பாட்டி, சூரனை வென்ற முருகன் தன் படைவீரரின் தாகம் தீர்க்க வேல் ஊன்றிய கதையைச் சொன்னார். அந்தக் கதையைச் சொல்ல அம்பத்தூர் வீட்டில் ஒருவர் தனியே அமர்ந்திருந்திருப்பார் என்று எண்ணியபோது எனக்கு மனம் நெகிழ்ந்தது.

என் வயதுடைய அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். மருந்துகளை இரண்டு பைகளில் பிரித்து எடுத்துச் செல்லுங்கள். ஆதார் அட்டையை மறவாதீர்கள். கற்றரை சுடும் முன் தரிசனத்தை முடித்துவிடுங்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கால் வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். மறைப்பது தியாகம் அன்று. அதனால் நம் பிள்ளைகள் பின்னாளில் வருந்துவார்கள். இளையவர்களும், "வருகிறீர்களா?" என்று மட்டும் கேட்காமல், "எவ்வளவு தூரம் நடக்க முடியும்?" என்று கேளுங்கள்.

ஆறு நாட்களில் நாங்கள் பார்க்காமல் விட்ட கோயில்கள் பல. பழமுதிர்சோலைக்கும் போகவில்லை. "அடுத்த ஆண்டுக்கு அது இருக்கட்டும்" என்கிறார் துணைவியார். இம்முறை வீட்டைப் பார்த்துக்கொள்வதாக அவர் சொல்லவில்லை.