"நாங்கள் சமாளிப்போம்" என்று சொல்லாதீர்கள்

பாரிசவாதம் வந்தவரின் உயிர் தப்பியதும் நாம் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறோம். நீண்ட வேலை அதன் பின்னர்தான் தொடங்குகிறது. விழுங்க, பேச, நடக்க, உடுப்புப் போட மீண்டும் பழக வேண்டும். இதுவே புனர்வாழ்வுச் சிகிச்சை.

எல்லோருக்கும் ஒரே அளவு சிகிச்சை தேவைப்படுவதில்லை. யாருக்கு எவ்வளவு தேவை என்று மதிப்பிட இங்கிலாந்தில் ஓர் அளவுகோல் உண்டு. நம்மவர் பலர் வாழும் லண்டன் ஹரோவிலுள்ள நோர்த்விக் பார்க் வைத்தியசாலையைச் சேர்ந்த பேராசிரியர் லின் ரேணர் ஸ்ரோக்ஸ் குழுவினர் உருவாக்கிய இது, 2007இல் வெளியானது. அதன் முதல் வடிவம் ஐந்து விடயங்களைப் பார்த்தது: அன்றாடப் பராமரிப்புக்கு எத்தனை பேரின் உதவி வேண்டும், எத்தகைய தாதியர் வேண்டும், எத்தனை வகைச் சிகிச்சையாளர் வேண்டும், அச்சிகிச்சை எவ்வளவு தீவிரமாக வேண்டும், வைத்தியரின் கவனிப்பு எவ்வளவு வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 15 புள்ளிகள். பின்னர் விசேட உபகரணங்களும் சேர்க்கப்பட்டு அது விரிவாக்கப்பட்டது.

இதில் நோயின் பெயருக்குப் புள்ளி இல்லை, தேவைக்கே புள்ளி. விசேட புனர்வாழ்வுப் பிரிவுகளில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதனைப் பதிவார்கள். அப்பிரிவுகளுக்கான நிதியும் இதனோடு தொடர்புடையது.

நம்மவர் தவறுவது இங்கேதான். வார்ட்டில் மனைவி சாப்பாடு தீத்துவார். மகன் மலசலகூடத்துக்குத் தூக்கிச் செல்வார். தாதி கேட்டால், "ஒரு பிரச்சினையும் இல்லை, நாங்கள் சமாளிப்போம்" என்பார்கள். அளவுகோல் பதிய வேண்டியது தேவையை. அத்தேவை கண்ணில் படாவிட்டால் யார் பதிவது?

எமக்குத் தெரிந்த ஓர் ஐயா இப்படித்தான் விரைவாக வீடு வந்தார். மூன்றாம் வாரம் படிக்கட்டில் விழுந்தார். அவரைத் தூக்கப் போன அம்மாவுக்கு நாரி பிடித்துக்கொண்டது. ஒரு வீட்டில் இரு நோயாளர்.

இந்தத் தயக்கம் எமக்கும் புதிதல்ல. அகதிகளாக வந்து இறங்கிய நாட்களில், உதவி கேட்டால் எம்மைச் சுமையென்று நினைப்பார்களோ என்று வாய் திறக்காமல் இருந்தவர்கள் நாம். அன்று அது மானமாகத் தெரிந்தது. இன்று ஒரு நோயாளியின் காரியத்தில் அது மானமல்ல, நட்டம். 2023இல் வெளியான இங்கிலாந்தின் வழிகாட்டலின்படி, பாரிசவாத நோயாளருக்கு வாரத்தில் குறைந்தது ஐந்து நாள், நாளொன்றுக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் தேவையான சிகிச்சைகள் வழங்கப்பட வேண்டும். எல்லா இடத்திலும் அது கிடைப்பதில்லை. கேளாதவருக்கு அது இன்னும் தூரம்.

ஆகவே, குடும்பத்தாருக்குச் சில வேண்டுகோள்கள்:

• வார்ட்டில் நீங்கள் செய்யும் உதவிகளை ஒரு கொப்பியில் எழுதித் தாதியரிடம் காட்டுங்கள்.

• நல்ல நாளை மட்டும் சொல்லாமல், இரவில் நடப்பதையும் சொல்லுங்கள். மறதி, கோபம், அழுகை ஆகியனவும் தேவைகளே.

• பிள்ளைகளை மொழிபெயர்க்க விடாதீர்கள். தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். அப்பாவின் மலசலப் பிரச்சினையை மகள் வாயால் சொல்ல வைத்தால் பாதி மறைந்துவிடும்.

• வீட்டுக்கு அனுப்புமுன் நடக்கும் கூட்டத்தில், "எங்களால் இவ்வளவுதான் முடியும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

எந்த அளவுகோலும் ஒரு குடும்பத்தின் களைப்பை முழுதாக அளந்துவிடாது. ஆனால் நாம் மறைத்ததை அது ஒருபோதும் அளக்காது. நோயாளியை அன்போடு பார்ப்பது நம் கடமை. அவருக்கு உரியதைக் கேட்டுப் பெறுவதும் அந்த அன்பில் அடக்கம்.