கேட்காதே என்றா சொன்னது கிரேக்கம்?

“நம்பு! நம்பினால் போதும்! ஏன் என்று கேட்பது பாவம்!” என்று முழங்கும் போதகர்கள் உண்டு. கேள்வி கேட்கும் இளைஞனின் வாயை அடைக்க அவர்கள் எடுத்து வீசும் சொல் ஒன்றே: விசுவாசம். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் அதற்கு மூலச்சொல் ‘பிஸ்டிஸ்’. அந்த மூலத்தையே சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரிப்போம், வாரீர்!

பிஸ்டிஸ் கோயிலுக்கென்று பிறந்த சொல்லன்று. கடைத்தெருவிலும் வழக்குமன்றத்திலும் வழங்கிய சொல். கடன் கொடுப்பவன் கேட்பவனிடம் தேடியது பிஸ்டிஸ். நாம் நாணயம் என்கிறோமே, அதுதான்! வணிகனுக்கு அதனினும் பெரிய முதல் இல்லை என்று வாதாடினார் ஏதென்ஸ் நகரப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ். அரிஸ்டாட்டிலோ, பேச்சுக்கலை பற்றிய தம் நூலில், கேட்போரை இணங்க வைக்கும் சான்றுகளுக்கே இப்பெயரைச் சூட்டினார்.

வேதத்துள் நுழைந்ததும் பொருள் அடியோடு மாறிவிட்டதா? இல்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 17:31-இல், ஏதென்ஸ் மக்களிடையே பவுல் பேசுகையில், கடவுள் அனைவர்க்கும் அளித்த சான்று என்ற பொருளில் இதே சொல் வருகிறது. ரோமர் 3:3 கடவுளுடைய பிஸ்டிஸைப் பேசுகிறது. கடவுள் எவரைக் கண்மூடி நம்புவார்? அங்கே பொருள், சொன்ன சொல் தவறாமை. பரவலாக வழங்கும் தமிழ் வேதமும் முதலிடத்தில் ‘நிச்சயம்’ என்றும், அடுத்த இடத்தில் ‘உண்மை’ என்றுமே எழுதியிருக்கிறது. மொழிபெயர்த்தோருக்குத் தெரிந்தது, முழங்குவோருக்குத் தெரியாதா?

எபிரெயர் 11:1-ஐ நீட்டுவார்கள். காணாதவற்றைப் பற்றிய உறுதியே விசுவாசம் என்பார்கள். அந்த வரியில் நிற்கும் இன்னொரு கிரேக்கச் சொல்லைச் சொல்லமாட்டார்கள். அது ‘எலெங்கோஸ்’: மெய்ப்பிக்கும் சான்று. சாக்ரட்டீஸ் குறுக்குக் கேள்வி கேட்டு மடக்கிய முறைக்கும் அதுவே பெயர்! கேள்வியின் தந்தை கையாண்ட கருவியின் பெயர் பொறித்த வாக்கியத்தையா, கேள்விக்குப் பூட்டாக்குவது?

நம்பினால் மட்டும் போதுமாம்! பேய்களும் நம்புகின்றன என்று இடித்துரைப்பது யாக்கோபின் நிருபம். செயலற்ற விசுவாசம் செத்தது என்பதும் அதன் தீர்ப்பே. ரோமர் 3:28-இல் மூலத்தில் இல்லாத ‘மட்டும்’ என்ற சொல்லை 1522-இல் தம் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் சேர்த்தவர் மார்ட்டின் லூத்தர். ஜெர்மன் வழக்குக்கு அது தேவை என்று 1530-இல் அவர் விளக்கமும் தந்தார்.

“காணாமல் நம்புவோர் பேறுபெற்றோர் என்று யோவான் 20-இல் இருக்கிறதே!” என்பார்கள். இருக்கிறது, நாம் மறைக்கவில்லை. ஆனால் காயத்தைத் தொட்டாலன்றி ஏற்கேன் என்ற தோமா துரத்தப்பட்டானா? கைநீட்டித் தொட்டுப் பார் என்ற அழைப்பல்லவா அவனுக்குக் கிடைத்தது! ஐயம் கொண்டவனுக்குச் சான்று காட்டியது கதை. ஐயம் கொண்டவனுக்குச் சாபம் காட்டுகிறது மேடை!

அந்தச் சான்றுகள் நம் பகுத்தறிவின் முன் நிற்குமா என்பது வேறு வழக்கு. நிற்கா என்பதே நம் வாதம். ஆனால் அந்த வழக்கை நடத்தவே கூடாது என்று தடுக்க, பிஸ்டிஸ் எவருக்கும் உரிமை தரவில்லை.

நாணயத்தை ஐயுற்றால் கணக்கேட்டை விரித்துக் காட்டுபவன் நேர்மையான வணிகன். கேட்டவனையே கள்வன் என்று கூவுபவன் யார்? இளைஞனே, அடுத்த முறை விசுவாசம் என்று உன்னை அதட்டினால் அஞ்சாதே. “ஏட்டை விரியுங்கள், ஐயா!” என்று கேள்!