மழைநீரும் ஒரு கைங்கரியமே

பழைய வீட்டின் முற்றத்தில் விழுந்த மழைநீர் ஒருகாலத்தில் அண்டாக்களில் நிறைந்தது. முற்றம் மாடித்தளமான பின் அந்நீர் தெருவோடு ஓடிவிடுகிறது, கிணறோ வற்றுகிறது.

தமிழக அரசு 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பைப் பழைய கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. அன்று பொருத்திய குழாய்கள் பல இல்லங்களில் இன்று மண் அடைத்துக் கிடக்கின்றன. 100 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தாலே ஏறக்குறைய 1,000 லிட்டர் நீர் விழுகிறது.

நவராத்திரிக்கு இல்லத்தைத் தூய்மை செய்யும்போதே மாடியைப் பெருக்கி, குழாய் அடைப்பை நீக்கி, வடிகட்டும் தொட்டியின் கூழாங்கல்லையும் மணலையும் அலசிப் போடச் செய்தல் நலம். முதியோர் ஏணியில் ஏற வேண்டா. பிள்ளைகளை ஏவினால் போதும். முதல் மழையை வெளியே விட்டு, அடுத்த மழையைக் கிணற்றில் சேர்க்கலாம்.

கோயில் குளத்தில் நீர் நிலைப்பது சுற்றுப்புறத்து நிலத்தடி நீரையும் சார்ந்தது. வீட்டு மழையை மண்ணுக்குள் அனுப்புவோர் இறைவனின் குளத்துக்கும் தொண்டு செய்தவராவர்.