அப்பா வரும் வழி

ஓவியம் தெரிந்த நண்பர் ஒருவர் ரவிவர்மா படத்தொகுப்பைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். ‘இதோ அப்பா வருகிறார்’. 1893இல் தீட்டிய தைல வண்ண ஓவியம். வெள்ளை உடுத்திய தாய், இடுப்பில் கொழுகொழுவென்று குழந்தை, பக்கத்தில் ஒரு நாய். தாயும் பிள்ளையும் இடப்பக்கம் பார்க்கிறார்கள். அப்பா அங்கேயிருந்து வருகிறார். படத்துக்குள் அவர் இல்லை.

“எந்தப் பிள்ளையும் இப்படித்தானய்யா அப்பனைப் பாக்கும். இதுலயும் போயி சாதியைத் தேடாதீரும்” என்றார் நண்பர்.

தேடவே வேண்டாம், அது தானாகவே நிக்குது. அந்த நாய் நிற்கிற இடத்தில் ஒரு புலையர் வீட்டுப் பிள்ளை நின்றிருக்க முடியுமா?

ரவிவர்மா தன் மகள் மகாபிரபாவையும் பேரனையும்தான் வரைந்தார். தாத்தா பேரனை வரைந்தது குற்றமில்லை. என் சண்டை, அந்த ஒரு வீட்டுப் பிள்ளையைக் காட்டி ‘குழந்தைப் பருவம்’ என்று எல்லார் தலையிலும் கட்டுகிறவர்களோடு. மருமக்கத்தாயக் குடும்பத்தில் தகப்பனுக்கு வந்த புது மரியாதையை இந்தப் படம் காட்டுகிறது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். சரி, இருக்கட்டும். நான் கேட்பது அந்த அப்பா நடந்து வருகிற வழியைப் பற்றி.

அதே 1893இல், அதே திருவிதாங்கூரில், வெங்ஙானூரில் அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கினார். வெள்ளை வேட்டி கட்டி, தலைப்பாகை வைத்து, புலையருக்கு விலக்கப்பட்டிருந்த பொதுவழியில் ஓட்டினார். அடிதடி நடந்தது. சட்டப்படி அடிமை முறை ஒழிந்தது 1855இல். முப்பத்தெட்டு வருசம் கழித்தும் ஒரு மனுசன் ரோட்டில் போக அடிபட வேண்டியிருந்தது.

எங்க ஊரும் அப்போ திருவிதாங்கூர்தான். என் பாட்டி சொல்லுவாள்: “எங்கப்பன் இருட்டுன பொறவுதாம் மக்கா வருவாரு. வரப்பு வழியாத்தாம் வருவாரு. ஆளு வாற சத்தம் கேட்டா வயல்ல எறங்கி நிக்கணும். நாங்க மொகத்தப் பாத்து ஓடுனதில்ல. சேத்து மணம் வந்தா அப்பன் வந்தாச்சுன்னு அர்த்தம்.”

இதுவும் ஒரு பிள்ளை அப்பனை எதிர்பார்த்த கதைதான். இதைத் தைல வண்ணத்தில் யார் தீட்டினார்கள்?

ஐரோப்பிய அகாடமி பாணியின் வித்தையே அந்த வழவழப்பில்தான் இருக்கு. தூரிகை போன தடம் தெரியக்கூடாது. தோலில் வெளிச்சம் ஊற வேண்டும். தூரிகைத் தடத்தை மறைக்கிற அதே கை, அந்த முண்டை வெளுத்தவளின் தடத்தையும், அந்தப் பிள்ளைக்குக் கஞ்சி வைக்க நெல் குத்தியவளின் தடத்தையும் சேர்த்தே மறைச்சுப்போடுது. அப்புறம் ‘பேரழகு’ என்கிறோம். அழகுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொன்னால் நானும் கொழுத்த, சிவந்த பிள்ளையைத்தான் வரைந்தேன். எங்க தெருவில் அப்படி ஒரு பிள்ளை கிடையாது. நான் வரைந்ததைப் பார்த்துவிட்டுப் பாட்டி கேட்டாள்: “இது யாரு வீட்டுப் பிள்ளைலே?”

ரவிவர்மா நாடோடிக் குடும்பத்தையும் வரைந்திருக்கிறாரே என்று நண்பர் மடக்கினார். வரைந்தார். பார்த்து இரங்குவதற்கு ஒரு படம், சொந்தம் கொண்டாட ஒரு படம். எங்களுக்கு எது ஒதுக்கப்பட்டது என்று அவரே சொல்லட்டும்.

பஞ்சமி என்றொரு சிறுமி இருந்தாள். அய்யன்காளி அவளைக் கையைப் பிடித்து ஊருட்டம்பலம் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். அவள் உட்கார்ந்த பள்ளிக்கூடம் என்பதற்காக மேல்சாதியார் அதைக் கொளுத்தினார்கள். கருகிய பெஞ்சு ஒன்று மிஞ்சியது. நண்பர் அடுத்த முறை திருவனந்தபுரம் போகும்போது, ரவிவர்மா படங்களைப் பார்த்து முடித்த கையோடு, ஊருட்டம்பலத்துக்கும் ஒரு பஸ் ஏறட்டும்.