ஒரே பிளஞ்சர், எத்தனை வேலை!

கழுவுதொட்டி அடைத்துக்கொண்டால் தேடப்படும் ரப்பர்க் கிண்ணத்துக்கும், நர்ஸ் கட்டைவிரலால் அழுத்தும் ஊசித் தண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர்: பிளஞ்சர். ஆஸ்திரேலியாவில் காபி வடிக்கும் கண்ணாடிக் குடுவையும் அதுவே. டீசல் பம்பு மெக்கானிக்கைக் கேட்டால், டீசலை அழுத்தித் தள்ளும் சிறு உருளையைக் காட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டும் சூதாடிக்கும் அந்தப் பட்டம் உண்டு.

சுவையான கதை ஜாஸ் இசையில்தான். 1920களில் டியூக் எலிங்டன் இசைக்குழுவின் பப்பர் மைலி, டிரம்பெட்டின் வாயை இந்த ரப்பர்க் கிண்ணத்தால் மூடி மூடித் திறந்து, மனிதக் குரல்போல் முனக வைத்தார். கைப்பிடியைக் கழற்றிவிட்டுத்தான்!

இவை எல்லாவற்றுக்கும் ஒரே தமிழ்ச்சொல் தேடுவது வீண் வேலை. ஊசிக்கு ‘உந்துதண்டு’ பொருந்தும். அதையே ஹார்டுவேர் கடையில் கேட்டால் கடைக்காரர் விழிப்பார். ‘அடைப்பு எடுக்கிற ரப்பர்’ என்றால் உடனே எடுத்துத் தருவார்.